ஸ்கோர் தெரிந்தது, சேதி தெரியவில்லை

அத்தியாயம் 11

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அந்த வீட்டுக்குள் பன்னிரண்டு நாளாக ஒரு பெயரை யாரும் சத்தமாகச் சொல்லவில்லை.

அகிலா.

இருபத்திரண்டு வயது. பட்டுக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கிளார்க். சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது, இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்த வேலைக்காக அவள் அப்பா வேணுகோபால் மூன்று வருடம் சங்கத்தின் படியேறி இறங்கினார். தனக்காக ஒருவரிடமும் போய் நின்று பழக்கமில்லாத நெசவாளி. மகளுக்காக நின்றார்.

தமிழ்நாடு பெண்கள் கிரிக்கெட் அணியில் பெயர் வந்ததும் அகிலா லீவு கேட்டாள். கிடைக்கவில்லை. லீவுக் கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு மட்டைப் பையோடு கிளம்பிவிட்டாள். சென்னையில் முகாம், அங்கிருந்து விஜயவாடா.

"போறதுன்னா போ. ஆனா எங்கிட்ட பேசாத."

வாசலில் நின்று வேணுகோபால் சொன்னது அவ்வளவுதான். அகிலாவும் அப்பாவின் பிடிவாதத்தை அப்படியே வாங்கிக்கொண்டு பிறந்தவள். திரும்பிப் பார்க்காமல் போனாள்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேணுகோபாலும் ஒரு பையை எடுத்துக்கொண்டார்.

"பெங்களூரு போயி நூல் வெல பாத்துக்கினு வரேன். நாலு நாள் ஆவும்."

அவர் மனைவி இந்திராணி, நாலு நாள் வெளியூர்க் காற்று பட்டால் மனிதர் கொஞ்சம் இளகுவார் என்று நினைத்துக்கொண்டாள்.

இன்று திங்கட்கிழமை. 2002 டிசம்பர், மார்கழி பிறந்து ஒரு வாரம்.

* * *

"அம்மா, நான் நெட் சென்டருக்குப் போயிட்டு வந்துடறேன்."

அகிலாவின் தம்பி விக்னேஷ் கையில் ஒரு நீள நோட்டு. பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருடம். விளையாட்டுச் செய்தி தரும் வெப்சைட்டுகளை ஒப்பிட்டு அவன் ஒரு பிராஜெக்ட் செய்துகொண்டிருந்தான். எது முதலில் ஸ்கோர் தருகிறது, எதில் செய்தி சரியாக இருக்கிறது, எதில் வர்ணனை நன்றாக இருக்கிறது என்று கட்டம் போட்டு மார்க் கொடுப்பான். சென்ற வாரம் வரை அதெல்லாம் ஆண்கள் ஆடும் மேட்ச்.

இந்திராணி தறியிலிருந்து கையை எடுத்தாள். தறிக்கட்டையில் ஒரு டிரான்சிஸ்டர் தொங்கிக்கொண்டிருந்தது. இருபது வருடமாக அவள் நெய்துகொண்டே கிரிக்கெட் வர்ணனை கேட்கிறவள். மைதானம் ஒன்றையும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் மிட் ஆன் எங்கே, பைன் லெக் எங்கே என்று கேட்டால் தறிமேல் விரலை வைத்துக் காட்டிவிடுவாள்.

"இன்னிக்கு அவளுக்கு மேட்ச்சா?"

"ஆமாம்மா. கர்நாடகாவோட. கடைசி மேட்ச்."

"ரேடியோவுல வராதா?"

"பொம்பளைங்க மேட்ச்ச யாரும்மா சொல்றாங்க? டிவியிலயும் இல்ல. நெட்ல மட்டுந்தான்."

இந்திராணி எழுந்து புடவைத் தலைப்பை உதறினாள்.

"இரு. நானும் வரேன்."

"நீயா?"

"ஏன், பொம்பளைங்கள உள்ள உடமாட்டாங்களா?"

விக்னேஷ் சிரித்தான். ஆனால் அம்மா சிரிக்கவில்லை.

நேற்றுச் சாயங்காலம் பக்கத்து வீட்டு அங்கம்மாள் போனுக்கு அகிலா பேசியிருந்தாள். நல்லாத்தான் பேசினாள். சாப்பாடு ஆந்திரா காரம் என்றாள், ரூமில் கொசு என்றாள். "உடம்பு நல்லா இருக்குதாமா?" என்று கேட்டதற்கு மட்டும் "ஒண்ணும் இல்லம்மா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, யாரும் கேட்காமலேயே, மறுபடி "ஒண்ணும் இல்லம்மா" என்றாள்.

அந்த இரண்டாவது "ஒண்ணும் இல்ல" ராத்திரி முழுக்க இந்திராணியைத் தூங்கவிடவில்லை.

* * *

மேற்கு ராஜ வீதியில் மாடிப்படிக்குக் கீழே இருந்தது யேசுதாஸின் நெட் சென்டர். பிளைவுட் தடுப்பு வைத்து ஏழு கம்ப்யூட்டர். வாசலில் செருப்பை விடவேண்டும், அது யேசுதாஸின் கண்டிப்பு.

இந்திராணியைப் பார்த்ததும் யேசுதாஸ் எழுந்து நின்றார்.

"வாங்கக்கா. அகிலாவுக்கு மேட்ச் இல்ல இன்னிக்கு? என் டேபிள்கிட்டயே உக்காருங்க. அதுதான் வேகமா இருக்கும்."

அவர் தன் மெத்தை நாற்காலியை இழுத்துப் போட்டார். விக்னேஷுக்கு ஸ்டூல்.

மணி ஒன்று. கர்நாடகா ஐம்பது ஓவரில் 171 எடுத்து முடித்திருந்தது. தமிழ்நாட்டுக்கு 172 வேண்டும்.

விக்னேஷ் இரண்டு சைட்டுகளைத் திறந்தான். முதலாவது நீல நிறம். வெறும் எண்கள், கட்டம் கட்டமாக.

"ரேஷன் கடை போர்டு மாதிரி இருக்குதுபா" என்றாள் இந்திராணி.

"ஆனா இதுதாம்மா ஃபாஸ்ட். வேகத்துக்குப் பத்துக்கு ஒம்பது போட்டிருக்கேன்."

இரண்டாவது மஞ்சள் நிறம். திறக்கவே இரண்டு நிமிடம் ஆயிற்று. மேலே ஒரு சோப்பு விளம்பரம் மின்னியது, பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கும் நெடுக்கும் ஓடியது. ஸ்கோர் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடந்தது.

"இது கல்யாண மண்டபம்" என்றாள்.

"இதுல நியூஸ் நல்லா இருக்கும்மா. ஓவருக்கு ஓவர் ஒரு வரி வர்ணனையும் எழுதுவாங்க."

"எழுதறதா? யாரும் பேச மாட்டாங்களா?"

"பேசல்லாம் மாட்டாங்க."

"பேசாம என்னாடா வர்ணனை?"

விக்னேஷ் மவுஸை அழுத்தினான். முப்பத்தெட்டு ரன்னுக்கு இரண்டு விக்கெட். நாலாவதாக அகிலாவின் பெயர் வந்தது. இந்திராணிக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால் மகள் பெயரின் எழுத்துகளை அவள் பள்ளிக்கூட நோட்டு அட்டைகளில் பத்து வருடம் பார்த்திருக்கிறாள்.

"தோ, இவதான" என்று விரலை வைத்தாள்.

நாலு. ஒன்பது. பதினாறு.

நீலத்தில் பதினாறு என்றால் மஞ்சளில் ஒன்பது என்றது. கொஞ்ச நேரத்தில் மஞ்சள் இருபத்திரண்டுக்குத் தாவியது, நீலம் பத்தொன்பதிலேயே நின்றது. விக்னேஷ் நேரத்தைப் பார்த்துப் பார்த்து நோட்டில் குறித்தான். இந்திராணி இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் ஒரே மேட்ச்சதான பாக்கறாங்க?"

"பாக்கறதில்லம்மா. யாரோ போன்ல சொல்றத எழுதுவாங்க."

"அதான."

முப்பதைத் தாண்டியதும் யேசுதாஸ் டீ வரவழைத்தார். இந்திராணி டம்ளரைக் கையில் வாங்கி, குடிக்காமலே வைத்திருந்தாள். முப்பத்திநாலு. நூற்றுப் பதினெட்டு ஆகிவிட்டது. இன்னும் ஐம்பத்திநாலு ரன்தான், ஓவர் தாராளமாக இருக்கிறது.

அப்புறம் இரண்டு சைட்டும் பத்து நிமிடம் அசையவில்லை.

அசைந்தபோது விக்னேஷின் முகம் மாறியது. நீலத் திரையில் அகிலாவின் பெயருக்கு எதிரே இரண்டு வார்த்தை வந்திருந்தது. ரிட்டயர்ட் ஹர்ட். மஞ்சளில் 'அவுட்' என்று இருந்தது.

"என்னாடா?"

"அவுட் ஆயிட்டாம்மா. முப்பத்திநாலு. நல்ல ஸ்கோருதான்."

அவன் நீலத்தை மூடப் போனான். இந்திராணி அவன் கையைப் பிடித்தாள்.

"மூடாத. இந்தப் பக்கம் அஞ்சு விக்கெட்டு இருக்குது. அந்தப் பக்கம் ஏன் நாலே இருக்குது?"

விக்னேஷ் நோட்டைப் புரட்டினான்.

"ரெண்டுலயும் நூத்திப் பதினெட்டுதான். ரெண்டுலயும் இவ பேருக்குக் கீழ வேற ஒரு பொண்ணு வந்துட்டா. இவ உள்ள போயிட்டா, ஆனா விக்கெட்டு உழல." அவள் குரல் தாழ்ந்தது. "அடிபட்டுக்கினாளா?"

யேசுதாஸ் தன் இடத்திலிருந்து எட்டிப் பார்த்தார். சென்டரில் வேறு யாரோ பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் போய் அதை நிறுத்திவிட்டு வந்தார்.

"சொல்லுடா. எங்க அடி?"

"போடலம்மா. ஹர்ட்டுன்னு மட்டுந்தான் போட்டிருக்குது."

"தலையா?"

"தெரியலம்மா."

"அவ்ளோ பெருசா கட்டம் போட்டு எழுதறான். எங்க அடிபட்டுதுன்னு எழுத மாட்டானா?"

மஞ்சள் சைட்டின் வர்ணனை வரியைப் பார்த்தான். 'இருபத்தொன்பதாவது ஓவர், நாலு ரன், ஒரு விக்கெட்' என்று இருந்தது. அதற்கு மேலே மோட்டார் சைக்கிள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

விஜயவாடாவில் அவர்கள் தங்கியிருந்த விடுதியின் நம்பர் விக்னேஷிடம் இருந்தது. யேசுதாஸ் தன் போனை எடுத்துக் கொடுத்தார். எத்தனை தரம் போட்டும் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எல்லோரும் மைதானத்தில் இருக்கும்போது யார் எடுப்பார்கள்?

இந்திராணி இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டாள். அழவில்லை. திரையையே பார்த்தாள்.

"வேற சைட்டு இல்லியா? நீ மூணு நாலுன்னு நோட்டுல எழுதிக்கினு இருந்தியே."

"அதெல்லாம் இந்த மேட்ச்ச போடவே இல்லம்மா."

"தேடற பக்கத்துல ஊர் பேரப் போட்டுப் பாரு விக்னேஷ்" என்றார் யேசுதாஸ். "பெண்கள் கிரிக்கெட்டு, விஜயவாடா. உள்ளூர்ல யாராச்சும் எழுதுவாங்க."

தேடினான். லைன் போயிற்று. யேசுதாஸ் மோடத்தை அணைத்துப் போட்டார். அது கீச்சிட்டு, கரகரத்து, மறுபடி இணைப்பு வந்தது. இரண்டாவது பக்கத்தின் அடியில் ஒரு பெயர் இருந்தது. விக்னேஷ் அதை அழுத்தினான்.

வெள்ளைப் பக்கம். படம் இல்லை, கட்டம் இல்லை, விளம்பரம் இல்லை. மேலே ஒரே ஒரு வரி: 'மைதானத்திலிருந்து மானஸா.' அதற்குக் கீழே நெருக்கமாக, பத்தி பத்தியாக எழுத்து. பெவிலியன் ஆபீஸ் டெலிபோன் கிடைக்கும்போதெல்லாம் அனுப்புகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும் என்று ஒரு குறிப்பு.

"படி" என்றாள் இந்திராணி.

ஆங்கிலத்தில் இருந்ததை விக்னேஷ் வரிவரியாகத் தமிழில் சொன்னான்.

"இருபத்தொம்பதாவது ஓவர், மூணாவது பந்து. நல்ல லெங்த்துலேந்து திடீர்னு எழும்பிச்சு. அகிலா மட்டைய எடுக்கறதுக்குள்ள வலது கை கட்டைவிரல்ல..."

"கையி" என்றாள் இந்திராணி. மூச்சு வெளியே வந்தது. "கையிதான். தலை இல்ல."

"இரும்மா. 'சனிக்கிழமை மேட்ச்சுல அடிபட்ட அதே விரல். ரெண்டு நாளா பட்டை சுத்திக்கினுதான் ஆடறாங்க.'"

"சனிக்கெழமயே அடியா? நேத்து எங்கிட்ட ஒண்ணும் இல்லன்னாளே, ரெண்டு தரம்!"

"'கிளவுஸ கழட்டும்போது விரல் வீங்கியிருந்தது. நடுவர் போகச் சொன்ன பிறகும் ஒரு பந்து ஆடணும்னு நின்னாங்க. கேப்டன் வந்து கூட்டிக்கினு போனாங்க. இப்போ எல்லைக் கயித்துக்கு வெளியில நாற்காலியில உக்காந்திருக்காங்க.'"

இந்திராணி இப்போதுதான் டீயைக் குடித்தாள். ஆறிப் போயிருந்தது. ஒரே மடக்காகக் குடித்தாள்.

"இவதான்டா மேட்ச்ச பாக்கறா. இந்தப் பொண்ணுக்குப் பத்துக்குப் பத்து போடு."

"வேகத்துல ரொம்ப லேட்டும்மா. இருபது நிமிஷம்..."

"போடுடா. இன்னும் என்னா எழுதியிருக்கா?"

விக்னேஷ் அடுத்த பத்தியைப் படிக்க ஆரம்பித்தான். நாலு வார்த்தை போனதும் நிறுத்திவிட்டுத் திரைக்குக் கிட்டே குனிந்தான்.

"என்னா?"

"'அப்போது வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் ஓடிவந்தார். வெளியே கரும்புச்சாறு வண்டியிலிருந்து ஐஸ் கட்டி வாங்கித் துண்டில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். மூணு நாளா இவர் வர்றார். தினமும் மைதான ஓரத்து வெள்ளைத் தட்டிக்கு, அந்த சைட் ஸ்க்ரீனுக்குப் பின்னாலிருந்தேதான் பார்ப்பார். முன்னால் வந்து உட்காருங்கள் என்று சொன்னேன், வரமாட்டேன் என்றார். கொஞ்சம் தெலுங்கு பேசுகிறார். பெயர் சொல்லவில்லை. ஊர் காஞ்சிபுரம் என்றார்.'"

இந்திராணி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அம்மா, நம்ம ஊருலேந்து யாரு அங்க..."

"படி."

"'அவர் கண்ணாடிக்கு ஒரு பக்கக் காம்பு இல்லை. நூலால் காதோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்.'"

"நூலு என்னா கலரு?"

"மெரூன்னு போட்டிருக்குது."

"அரக்கு" என்றாள் இந்திராணி. "அரக்குப் பட்டு. மூணு இழை முறுக்கி நாந்தான் கட்டி உட்டேன். கடைக்குப் போயி மாத்துங்கன்னா கேக்கல."

விக்னேஷ் அம்மா பக்கம் திரும்பினான்.

"அப்பா பெங்களூருலதான இருக்காரு?"

இந்திராணி தலைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அம்மா அழுகிறாள் என்று விக்னேஷ் பயந்தான். குனிந்து பார்த்தான். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, சிரிப்பும் நிற்கவில்லை.

"மூணு நாளு! ஸ்க்ரீனுக்குப் பின்னால! பொண்ணு பாத்துடப் போறாளேன்னு ஒளிஞ்சிக்கினு நின்னிருக்காருடா உங்கப்பா!"

யேசுதாஸ் ஒன்றும் புரியாமல் இருவரையும் பார்த்தார். விஷயம் தெரிந்ததும் அவரும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார்.

* * *

அகிலா போனபிறகு தமிழ்நாடு சரிந்தது. நீல சைட்டில் விக்கெட்டுகள் மளமளவென்று விழுந்தன. ஐந்து, ஆறு, எட்டு. 154 ரன்னில் ஒன்பதாவது விக்கெட்டும் போயிற்று. இன்னும் பதினெட்டு ரன் வேண்டும். ஆட வேறு ஆள் இல்லை.

"முடிஞ்சுது" என்றான் விக்னேஷ்.

"முடியல. அவ ஒருத்தி இருக்கா இல்ல."

"கட்டைவிரல் வீங்கிக்கினு எப்பிடிம்மா வருவா?"

"உங்கப்பனுக்குப் பொறந்தவ. வருவா."

வெள்ளைப் பக்கத்தைப் புதுப்பித்தான். வரவில்லை. மறுபடி புதுப்பித்தான். மூன்றாவது தரம் ஒரு பத்தி கூடியிருந்தது. விக்னேஷ் படித்தான்.

"'அகிலா எழுந்துவிட்டார். பெரியவர் கூடாது என்று கையை ஆட்டுகிறார். அகிலா ஏதோ சொல்கிறார். அவர் ஏதோ சொல்கிறார். இரண்டு பேரும் சத்தமாகத்தான் பேசுகிறார்கள், ஆனால் தமிழ், எனக்குப் புரியவில்லை. அப்புறம் பெரியவர் பேச்சை நிறுத்திவிட்டார். கீழே உட்கார்ந்து அகிலாவின் கையுறையை எடுத்து, விரல் படாமல் மெதுவாக மாட்டி, பட்டையை இழுத்துக் கட்டினார். அகிலாவின் தலையில் கை வைத்தார். அகிலா உள்ளே போகிறார்.'"

"என்னா பேசினாங்கன்னு போடலியா?"

"தமிழ் புரியலன்னு எழுதியிருக்காங்கம்மா."

"ஐயோ" என்றாள் இந்திராணி. பன்னிரண்டு நாளாகப் பேச்சே இல்லாத இரண்டு பேர் முதல் வார்த்தை பேசியிருக்கிறார்கள். அது எந்த சைட்டிலும் இல்லை.

மறுமுனையில் மட்டை பிடித்து நின்றது ஸிந்துஜா என்ற தமிழ்நாட்டுப் பந்துவீச்சாளர். அகிலா இடது கையால் மட்டும் ஆடினாள் என்று மானஸா எழுதினாள். வலது கையை நெஞ்சோடு மடித்து வைத்துக்கொண்டு, ஓடி ஓடி ஒன்றொன்றாகச் சேர்த்தாள். ஒரு தரம் விக்கெட் கீப்பர் பக்கமாகத் திருப்பிவிட்டதில் நாலு. ஐம்பது பேர்கூட இல்லாத மைதானத்தில் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள், எழுதுகிற நானும்தான் என்றிருந்தது.

169. மூன்று ரன் இருக்கும்போது ஸிந்துஜாவின் ஸ்டம்ப் விழுந்தது.

நீலம் முதலில் சொன்னது. மஞ்சள் அடுத்து. பழைய தப்பையும் அது திருத்தியிருந்தது. அகிலா நாற்பத்திமூன்று, ஆட்டமிழக்கவில்லை. வெள்ளை கடைசியாக வந்தது: 'தமிழ்நாடு இரண்டு ரன்னில் தோற்றது. அகிலா ஸிந்துஜாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கூட்டி வருகிறார். அழுகிறவர் ஸிந்துஜாதான்.'

விக்னேஷ் மேஜையைக் குத்தினான். யேசுதாஸ் தலையில் கை வைத்தார்.

"தோத்தா என்னாபா?" என்றாள் இந்திராணி. "ரெண்டு ரன்னு. அடுத்த தரம் எடுப்பாங்க."

கிளம்புவதற்கு முன் விக்னேஷ் அந்தப் பக்கத்தின் அடியில் இருந்த முகவரிக்கு ஒரு மெயில் போட்டான். நாங்கள் அகிலாவின் அம்மாவும் தம்பியும், வேட்டிக்காரர் எங்கள் அப்பா என்று. பத்து நிமிடத்தில் பதில் வந்துவிட்டது.

'அப்படித்தான் நினைத்தேன். இருவரும் எக்ஸ்ரே எடுக்க ஆட்டோவில் ஆஸ்பத்திரி போயிருக்கிறார்கள். விரல் உடைந்திருக்கலாம், பயப்பட ஒன்றுமில்லை என்று மைதானத்து டாக்டர் சொன்னாராம். நான் சொன்னதாக அவரிடம் சொல்லிவிடாதீர்கள். அவர் இங்கே இருப்பது வீட்டுக்குத் தெரியாது என்று பெருமையாகச் சொன்னார்.'

வீடு திரும்பும் வழியில் இந்திராணி சங்கர மடத்தைத் தாண்டும்போது நின்றாள்.

"விக்னேஷு, உங்கப்பா வந்தா பெங்களூரப் பத்தித்தான் கேக்கணும். வேற ஒண்ணும் கேக்கக் கூடாது. சரியா?"

"ஏம்மா?"

"அவரா சொல்லட்டும்பா. சொல்லாமலே அவ்ளோ தூரம் போனவரு."

* * *

ஏழு மணிக்கு அங்கம்மாள் தடுப்புச் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"அக்கா, போனு! உங்க வீட்டுக்காரரு!"

இந்திராணி ஓடினாள். ரிசீவரை எடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, சாதாரணமாக "ஹலோ" என்றாள்.

"நாந்தான். பெங்களூர்லேந்து பேசறேன்."

"சாப்டீங்களா?"

"ஆச்சு ஆச்சு. இங்க நல்ல குளிரு."

"நூல் வெல எப்பிடி இருக்குது?"

"ஏறிடுச்சு. ரொம்ப ஏறிடுச்சு. ஏன் இந்திரா, இன்னிக்கு அவளுக்கு மேட்ச்சு இருந்துதே. ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

"விக்னேஷ் நெட்ல பாத்தான். ரெண்டு ரன்னுல தோத்துட்டாங்களாம். இவ மட்டும் நாப்பத்திமூணு, அவுட் ஆவல."

"நாப்பத்திநாலு."

இந்திராணி ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"மூணு சைட்லயும் நாப்பத்திமூணுன்னுதான் போட்டிருக்குது."

"போடட்டுமே! மூணும் தப்பு. கடைசிக்கு முந்தின ஓவர்ல ஒண்ணு மட்டையில பட்டுத்தான் போச்சு. அம்பயரு கால்ல பட்டுதுன்னு, அவ கணக்குல சேக்காம லெக் பை குடுத்துட்டாரு. சத்தமே கேட்டுது, டொக்குன்னு..."

அவர் நின்றுவிட்டார்.

கம்பியில் கரகரப்பு மட்டும் கேட்டது.

"பெங்களூரு வரைக்குமா கேட்டுது?" என்றாள் இந்திராணி.

மறுமுனையில் யாரோ சிரிப்பது கேட்டது. வேணுகோபால் அல்ல. ரிசீவர் கைமாறியது.

"அம்மா!"

"அகிலா! கை எப்பிடிமா இருக்குது?"

"கட்டு போட்டிருக்காங்க. ஆறு வாரமாம். அப்பா ஊட்டி உட்டாரும்மா, தயிர்சாதம்." குரல் உடைந்து, சரியாயிற்று. "நாளைக்குக் காலைல ரெண்டு பேரும் வந்துடுவோம். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். அப்பாவுக்குக் கேக்க வரல, நான் கேக்கறேன்."

"என்னாமா?"

"ரயில்வே டீமுக்கு ஆள் எடுக்கறவங்க ஒருத்தங்க மேட்ச் பாக்க வந்திருந்தாங்க. மார்ச்சுல செகந்தராபாத்ல செலக்‌ஷன். எடுத்தா வேலையும் குடுப்பாங்க. ஆனா பயிற்சிக்கு ஜனவரியிலேயே போயித் தங்கணும். சங்கத்து வேலைய உட்டுடணும். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணுமாம்."

"உங்கப்பா என்னா சொன்னாரு?"

"ரயில்வேக்காரங்க நம்ம அப்பாகிட்டதாம்மா கேட்டாங்க. அவரு, 'எங்க வீட்டம்மாவக் கேட்டுட்டுச் சொல்றேன்'னாரு."

இந்திராணி சுவரில் சாய்ந்துகொண்டாள். கல்யாணமாகி இருபத்தைந்து வருடம். தறியில் ஏற்றும் பாவுக்கு என்ன நிறம் என்பதிலிருந்து மகள் எங்கே வேலைக்குப் போவது என்பது வரை எல்லாம் வேணுகோபால் முடிவு செய்துவிட்டு வந்து சொல்வார். கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று அவர் ஒருவரிடமும் சொல்லி அவள் கேட்டதில்லை.

உடனே ஒரு பதில் நாக்கு நுனிவரை வந்தது. அவள் அதை விழுங்கினாள்.

"அம்மா? இருக்கியா? என்னா சொல்ற?"

"போன்ல சொல்ற விஷயமா இது? நாளைக்கு வந்து என் எதிர்ல உக்காந்து அவரையே கேக்கச் சொல்லு. அப்போ சொல்றேன்" என்றாள் இந்திராணி.

ரிசீவரை வைத்தாள். "என்னாக்கா, என்னா?" என்று அங்கம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.